மே மாதத்தில் ஹீட்டர்

என் வீட்டுக்காரருக்கு மூளை தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் ஒரு காரின் ரேடியேட்டரைக் கழுவினேன். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது மிகப் பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

அந்த வருடம் பிப்ரவரியில் அவருக்கு உடம்பில் சோடியம் குறைந்துபோனது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. நான்கு நாளும் அவர் பேசியது எதுவும் இந்த உலகத்தைச் சேர்ந்ததாக இல்லை. அம்பத்தூர் தொழிற்சாலையில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர், ஊசி போட வந்த நர்சைப் பார்த்து, வரைபடத்தை ஏன் இன்னும் மடித்து வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். கட்டில் தானாக நகர்கிறது, பிரேக் போடு என்று என்னை விரட்டினார். “இல்லைங்க, கட்டில் நகரலை” என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ்தான் என்னை வெளியே கூப்பிட்டு, “எதிர்த்துப் பேசாதீங்கம்மா, இன்னும் பதறுவாரு. சரி, போட்டாச்சுன்னு சொல்லிடுங்க” என்றாள். திரும்பி வந்து, “பிரேக் போட்டாச்சு” என்றேன். உடனே அமைதியாகத் தூங்கிப்போனார்.

சோடியம் ஏறியதும் ஆள் தெளிந்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “கொஞ்ச நாள் கவனமாப் பாருங்க. பேச்சுல, நடத்தையில ஏதாவது குழப்பம் தெரிஞ்சா சொல்லுங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நானும் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு மனிதர் பேசுவதை ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தால் எல்லாமே குழப்பமாகத்தான் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முந்தாநாள் நடந்ததை ‘நேத்து’ என்பார். முன்பும் அப்படித்தான் சொல்வாரா? ஞாபகம் வரவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுவார். அதை நானும்தான் செய்கிறேன். ஆனால் நான் செய்தால் அது ஞாபகமறதி. அவர் செய்தால் அறிகுறி. நாற்பத்தோரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேச்சை இவ்வளவு காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை. கேட்டதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். வந்ததும் பரீட்சை. “அப்பா, இன்னிக்கு என்ன கிழமை? காலைல என்ன டிபன்?” அவர் பதில் சொல்வார். ஒரு நாள் எரிச்சலில், “டிபன் எலுமிச்சம்பழ சேவை. நாளைக்கு என்னன்னும் சொல்லட்டுமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மகன் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் தனியாக, “அப்பாவுக்கு இவ்வளவு கோபம் முன்னாடி உண்டா?” என்று கேட்டான். அவனும் குழம்பித்தான் போயிருந்தான், பாவம்.

அவன் மனதில் ஒரு திட்டம் இருந்தது. கொட்டிவாக்கத்தில் வயதானவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். சாப்பாடு வந்துவிடும், நர்ஸ் உண்டு, கேட்டில் ஆள் இருப்பார், தனியாக வெளியே போக முடியாது. மே மாதம் ஒரு திங்கட்கிழமை டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டியிருந்தது. அன்று டாக்டர், குழப்பம் இன்னும் இருக்கிறது என்று சொன்னால் மந்தைவெளி வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் அங்கே போவது. இல்லையென்றால் இங்கேயே இருப்பது, அவர் பழையபடி தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் வருவது. டாக்டர் எதை வைத்துச் சொல்வார்? நான் சொல்வதை வைத்துத்தான். ஆகமொத்தம் அவர் இனி எங்கே இருப்பது, எங்கே நடப்பது என்பது என் வாயில் இருந்தது. அது அவருக்கும் தெரியும். கொட்டிவாக்கம் என்ற பெயர் எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

அந்தத் திங்களுக்கு ஒரு வாரம் முன்னால் நந்தனம் சிக்னலில் எங்கள் காரின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான்தான் ஓட்டினேன். பதினோரு வயதுச் சின்னக் கார். பக்கத்து இருக்கையிலிருந்து அவர், “ஏசியை நிறுத்து. ரெண்டு வருஷம் ஆச்சு. ரேடியேட்டர் கழுவணும்” என்றார்.

அது அவருடைய வழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, கத்திரி வெயில் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே பார்க்கிங்கில் உட்கார்ந்து எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய கூலண்டை அவரே வெளியே விட்டுக் கழுவிப் புதிதாக ஊற்றுவார். மெக்கானிக்கை விட மாட்டார். முன்பொரு மெக்கானிக், எங்கள் கட்டடத்து போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டான். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்றால், குளித்தால் சோப்பு நுரைக்காது. குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை.

எனக்கு யோசனை வந்தது அப்போதுதான். அவருக்கு மனப்பாடமான வேலை. வரிசை தப்பாமல் செய்ய வேண்டிய வேலை. அவர் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நான் கையாக இருக்கிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும். சரியாகச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை டாக்டரிடம் தெளிவாக இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். தடுமாறினால் அதையும் சொல்லிவிடலாம். பரீட்சை எழுதுகிறவருக்கு அது பரீட்சை என்று தெரியாது. விடைத்தாள் திருத்தப் போகிறவளுக்கோ விடை தெரியாது. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

கூலண்ட் வாங்கப் போனபோதே குழப்பம் ஆரம்பித்தது. மயிலாப்பூரில் உதிரிபாகக் கடைக்காரர் ரோஸ் நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். இவர் பச்சை கேட்டார். “எல்லாம் ஒண்ணுதான் சார், கலர்தான் வேற” என்றார் கடைக்காரர். “ஒண்ணு இல்லைங்க. இதுல இருக்கற பச்சையோட ரோஸ் சேர்ந்தா உள்ள திரிஞ்சுக்கும்” என்றார் இவர். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். யார் சொல்வது சரி? கடைக்காரர் நாள் பூராவும் இதையே விற்கிறவர். இவர் மூன்று மாதத்துக்கு முன்னால் கட்டிலுக்கு பிரேக் கேட்டவர். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனில் தேடினேன். ஒருவர் கலக்கவே கூடாது என்றார், இன்னொருவர் கலக்கலாம் என்றார், மூன்றாமவர் இரண்டு நிறமும் இல்லாமல் மஞ்சளை விற்றார். கடைசியில் பச்சையே வாங்கினோம். மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதை அப்படியே விட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கீழே இறங்கினோம். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்தார். நான் பழைய நைட்டியில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வாளியும் குவளையுமாக வந்து நின்றார்.

“இன்னாமா, நீ பண்றியா? சாருக்கு உடம்பு சரியில்லியா?”

“சார் சொல்வாரு, நான் செய்வேன்” என்றேன்.

“அதான் எல்லா வூட்லயும் நடக்குது” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கத் தோன்றவில்லை.

மேலே மூடியைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். ரேடியேட்டரின் அடியில் கையை விட்டால் ஒரு பிளாஸ்டிக் திருகு அகப்படும், அதைத் தளர்த்து என்றார். விரலால் தடவித் தடவி அது அகப்பட ஐந்து நிமிடம் ஆனது. “இடது பக்கம் இல்லை, உன் வலது. உன் வலதுன்னா நீ சோறு சாப்பிடற கை” என்றார். நாற்பது வருடமாகப் பொறுமை என்றால் என்னவென்று தெரியாதவர் அன்று என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

திருகு தளர்ந்ததும் பழைய கூலண்ட் அடியில் வைத்த டப்பில் இறங்கியது. பச்சையாக வரும் என்று நினைத்தேன். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. “துரு” என்றார். அந்த டப்பை நகர்த்திச் சுவரோரம் வைத்தேன். தெருநாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. “அதை விரட்டு! மூடி வை! அது தித்திப்பா இருக்கும், நாய் குடிச்சா செத்துப்போயிடும்” என்று கத்தினார். கூலண்ட் தித்திக்குமா? காருக்குள் ஓடுகிற தண்ணீர் தித்திப்பு என்று யாராவது சொல்வார்களா? வாட்ச்மேன் நாயை விரட்டிவிட்டு, “ஆமாம்மா, சார் சொல்றது கரீட்டுதான். பின்னாடி தெருவுல ஒண்ணு இப்பிடித்தான் போச்சு” என்றார். ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

பிறகு திருகை மூடி, காலையில் பிடித்துவைத்த மெட்ரோ குடிநீரை ஊற்றினோம். “இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணு. பண்ணிட்டு, ஹீட்டரைப் போடு.”

நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். “எதை?”

“கார் ஹீட்டரை. ஏசி பட்டனுக்குக் கீழ ஒரு நெம்புகோல் இருக்கு பாரு. நீலத்துலேருந்து சிவப்புக்குக் கடைசி வரைக்கும் தள்ளு. ஃபேனையும் முழுசா வை.”

காலை ஏழு மணிக்கே பார்க்கிங்கில் புழுங்கிக்கொண்டிருந்தது. நைட்டி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக இந்தக் கார் எங்களிடம் இருக்கிறது. அந்த நெம்புகோல் நீலத்தைவிட்டு ஒரு நாள் நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை. சென்னையில் யார் காரில் ஹீட்டர் போடுகிறார்கள்? அதற்கு முன் கழுவியபோதெல்லாம் நான் மாடியில் சமையல் செய்துகொண்டிருப்பேன், அவர் கீழே என்ன செய்தார் என்று பார்த்ததில்லை. எஞ்சின் சூடாகிறது என்பதுதான் பிரச்சினை. அதற்கு வைத்தியம் மே மாதத்தில் ஹீட்டர் போடுவதா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. போயிற்று, மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நெம்புகோலை ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. எதிர்த்துப் பேச வேண்டாம்.

“போட்டாச்சு” என்றேன்.

“காத்து சூடா வருதா?”

ஃபேனை மட்டும் வைத்துக் கையை நீட்டினேன். சூடாகத்தான் வந்தது. மே மாதத்தில் சென்னையில் எந்தக் காற்று சூடாக இல்லை? “வருது” என்றேன். அது பொய் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அப்படி மூன்று தடவை. ஊற்றுவது, வண்டியை ஓடவிடுவது, நிறுத்தி ஆறவிடுவது, வடிப்பது. மூன்று தடவையும் ஹீட்டரைக் கேட்டார். மூன்று தடவையும் போட்டாச்சு என்றேன். மூன்றாவது தடவை தண்ணீர் கண்ணாடியாக வந்தது. வாட்ச்மேன்கூட, “சூப்பரா கீதும்மா” என்றார். அந்தச் சந்தோஷத்தில் ஹீட்டர் விஷயத்தை மன்னித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியாகப் புதுக் கூலண்டையும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தோம். அவர் லிட்டர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலரை லிட்டர் போகும் என்றார். நான் புனல் வைத்து ஊற்றினேன். மூன்றரை போனதும் கழுத்துவரை நின்றுவிட்டது. வண்டியை ஓடவிட்டும் இறங்கவில்லை.

“இன்னும் ஒரு லிட்டர் போகணுமே” என்றார்.

“நிறைஞ்சிடுச்சுங்க.”

“ஹீட்டர் போட்டிருக்கல்ல?”

“போட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று சீறினேன். பொய் சொல்கிறவளுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும்.

அவர் எழுந்து வந்து மூடிக்குள் எட்டிப் பார்த்தார். மீந்திருந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். விரல்விட்டு எதையோ எண்ணினார். திரும்ப எண்ணினார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ நாலரைங்கறது பழைய வண்டிக் கணக்கா இருக்கும். எனக்குத்தான் மாறிப்போச்சு போலிருக்கு” என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கைகூடக் கழுவாமல் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பரீட்சையில் தோற்றுவிட்டார் என்று நான் முடிவுசெய்தேன். அன்று சாயங்காலம் மகன் கேட்டபோது, “கொஞ்சம் குழப்பம் இருக்கத்தான் செய்யுது. காருக்கு ஹீட்டர் போடச் சொல்றாரு, கணக்கும் தப்பா வருது” என்றேன். “டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடும்மா” என்றான் அவன். அவர் பக்கத்து அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அது போதாது.

மறுநாள் திங்கட்கிழமை, பத்தரை மணிக்குக் கிளம்பினோம். டாக்டரின் கிளினிக் அடையாற்றில். ஆட்டோவில் போகலாம் என்றேன். “கழுவின வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாமா?” என்றார். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்து, ஒரு கிலோமீட்டர் போவதற்கு மூன்று இடத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். கிரீன்வேஸ் ரோட்டைத் தாண்டி அடையாறு பாலத்தில் ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பாலத்தின் நடுவில் வண்டிகள் அப்படியே நின்றன. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு தண்ணீர் லாரி.

முள் ஏற ஆரம்பித்தது.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கினேன். முள் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது. “என்னங்க பண்றது? நிறுத்திடட்டுமா? நடுப்பாலத்துல எப்படி நிறுத்துவேன்?” பின்னால் லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, என்னிடம் அனுமதி கேட்பவர்போல, “ஹீட்டர் போட்டா எஞ்சின் சூடு இந்தப் பக்கம் வந்து இறங்கும்னு எனக்குத் தோணுது. ஆனா எனக்கு இப்பெல்லாம் சரியாத் தெரியலை” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படியெல்லாம் இல்லை. வேறு வழி இல்லாமல்தான் செய்தேன். அந்த நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. உள்ளங்கையை வைத்து உடம்பின் கனத்தை எல்லாம் கொடுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தத்துடன் அது சிவப்புக்குப் போய் முட்டியது. ஃபேனைத் திருப்பினேன். இரண்டு வருடத்துத் தூசியும் துரு வாசனையுமாக அனல் எங்கள் காலிலும் முகத்திலும் அடித்தது. அடுப்பைத் திறந்து மடியில் வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பைக்கில் நின்றவர் எங்கள் இருவரையும் விசித்திரமாகப் பார்த்தார்.

முள் நின்றது. அப்புறம் இறங்கியது. சிவப்பைவிட்டு விலகி, பாதிக்கு வந்து அங்கேயே இருந்தது.

நான் பெருமூச்சு விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. அந்த நெம்புகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்வதற்கு நான் என்ன பாடுபட்டேன் என்று பார்த்திருந்தார்.

“நேத்து போட்டேன்னியே?”

வியர்வை கண்ணில் இறங்கியது. “போடலை” என்றேன்.

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

“ஏன்?”

“உங்களுக்கு மறுபடி குழப்பம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். மே மாசத்துல ஹீட்டர் போடச் சொன்னா நான் என்னன்னு நினைக்கறது?”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு இரண்டு பேசியிருப்பேன். அவர், “ஹீட்டருக்குள்ளயும் தண்ணி ஓடும். அதைத் திறந்தாத்தான் அதுவும் சுத்தமாகும். திறக்கலைன்னா பழசும் காத்தும் அங்கயே அடைஞ்சு நிக்கும். நாலரைதான். கணக்கு சரிதான்” என்றார். ‘கணக்கு சரிதான்’ என்பதை இன்னொரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முன்னால் பஸ் நகர்ந்தது. ஹீட்டரை நிறுத்தாமலேயே பாலத்தைத் தாண்டினோம். கிளினிக் வாசலில் இறங்கும்போது இருவரும் மழையில் நனைந்தவர்கள்போல இருந்தோம்.

காத்திருந்த அரைமணி நேரமும் என் தலைக்குள் ஒரே கூச்சல். மூன்று மாதமாக நான் அறிகுறி என்று எடுத்துவைத்த ஒவ்வொன்றும் எழுந்து வந்து, நானும் அந்த ஹீட்டர் மாதிரிதானா என்று கேட்டது. எது அவருடைய குழப்பம், எது என் அறியாமை? பிரித்துப் பார்க்க வழியே இல்லை. நேற்று அவர் கணக்கைக் குழப்பியது நான். எண்ணி எண்ணிப் பார்த்தவரை, உனக்குத்தான் மூளை சரியில்லை என்று நம்பவைத்ததும் நான்தான். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளே போனதும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது, தெளிவாக இருக்கிறார் என்று சொல்லிவிடுவது, கொட்டிவாக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். “எப்படி இருக்காரும்மா? குழப்பம் ஏதாவது?”

“ஒண்ணும் இல்லை டாக்டர். ரொம்பத் தெளிவா இருக்காரு” என்றேன். சொன்னதும் மனது லேசானது.

“இல்லை டாக்டர்” என்றார் இவர்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

“போன வியாழக்கிழமை சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கலாம்னு பக்கத்துக் கடைக்குத்தான் கிளம்பினேன். மயிலாப்பூர் லஸ் வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னா, எல்லாம் தெரியுது. கடை தெரியுது, பஸ் ஸ்டாப் தெரியுது. வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு மட்டும் தெரியலை. பாதி ரோட்டுல நின்னிருக்கேன், ஒரு ஆட்டோக்காரர் திட்டினாரு. ஒரு கடைப்படியில உட்கார்ந்துட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா வந்துடுச்சு.”

அந்த வியாழக்கிழமை எனக்கு நினைவிருந்தது. பக்கத்துக் கடை வரை மட்டும் அவரைத் தனியாக விட்டிருந்தேன். கறிவேப்பிலை வாங்க இவ்வளவு நேரமா என்று கேட்டேன். கடையில் கூட்டம் என்றார். நான் கவனித்த மூன்று மாதத்தில் அந்த ஒன்றைத்தான் கவனிக்கவில்லை.

டாக்டர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் சோடியம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பழையபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று டாக்டர் சொன்னார். மகனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவன் கொட்டிவாக்கத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கிளினிக்கின் மாடியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“ஏங்க, அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லியிருப்பேன்” என்றார். சட்டையைச் சுருட்டி முடித்தார். “ஆனா அந்த ஒண்ணைச் சொல்லியிருந்தா, நான் சரியாச் சொன்ன எல்லாத்தையும் நீ தப்புன்னு எடுத்துக்கிட்டிருப்ப.”

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு நானும் கூடவே எழுந்தேன்.